மழைப் பதிவேட்டில் காலி இடம்

சண்டை போடத் தயாராகத்தான் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். மடியில் மஞ்சள் பை, பைக்குள் மழைப் பதிவேடு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மழைமானியை ஏழு வருடமாகப் பார்ப்பவள் நான்தான். காலை எட்டரைக்குப் போய் டப்பாத் தண்ணீரை அளந்து எழுத வேண்டும். மாமியார் செத்த அன்றுகூட, பாடை கட்டும் நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த ஜூலை முழுக்கப் பார்த்தது காய்ந்த டப்பாவைத்தான். வேர்க்கடலை முளைத்த இடத்திலேயே கருகியது. இருந்தும் வறட்சிப் பட்டியலில் எங்கள் மண்டலம் இல்லை! பட்டியலில் வந்தால்தான் மாட்டுக்குத் தீவனம் லாரியில் வரும். பக்கத்து வீட்டு ஜெயம்மா என் வயதுக்காரி. ஒரே ஒரு கறவை மாடு வைத்திருக்கிறாள். அது தென்னை ஓலையைக் கடிக்க ஆரம்பித்து எட்டு நாள் ஆகிறது.

"ஞாயித்துக்கெழம சந்தைக்கு ஓட்டிக்கினு போறத தவிர வேற வழி இல்ல காஞ்சனா. நீதான மழ எழுதறவ? போய்க் கேளு," என்றாள். கேட்கத்தான் வந்தேன்.

ஜில்லா மழைக்கணக்கு ஆபீசில் பவன்குமார் என்ற அதிகாரி, "கூர்ச்சோண்டி மேடம்," என்று தெலுங்கில் சொல்லி நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. கம்ப்யூட்டரில் ஜில்லாவைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்து வைத்திருந்தார்கள்.

"இதுதான் மீ ஊரு. ஜூலைல நூத்தி நாப்பத்தாறு மில்லிமீட்டர். நார்மலுக்கு மேல."

"யாரு சார் அளந்தது?"

"அளக்கல மேடம். சுத்தியிருக்கிற ஸ்டேஷன பாத்துக் கம்ப்யூட்டரே போடும். தடாவுல பெஞ்சுது, புத்தூர்ல பெஞ்சுது. நடுவுல இருக்கிற உங்களுக்கு இவ்ளோ."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "இன்னா சார் பேசறீங்க? தடாவுல பெஞ்சா என் நெலம் நனையுமா? அவன் துன்னா எனக்கு ஏப்பம் வருமா? தெனம் போய்ப் பாக்கறேனே, என் கணக்க எந்தக் குப்பையில போட்டீங்க?" பதிவேட்டை மேசைமேல் அறைந்தேன். பேனா டப்பா உருண்டு கீழே விழுந்தது.

அவர் ஜூலைப் பக்கத்தைத் திருப்பினார். முப்பத்தொரு தேதிக்கும் நேரே ஒன்றுமே இல்லை.

"எதுவும் எழுதலையே மேடம்?"

"பெய்யல. இன்னாத்த எழுதறது?"

"ஜீரோ எழுதணும். காலியா உட்டா, நீங்க பாக்கலேன்னுதான் அது எடுத்துக்கும். பாக்காத ஊருக்குப் பக்கத்து ஊரு மழைய வெச்சு ரொப்பிடும்."

எனக்குச் சுழி போடத் தெரியாதா? எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லமாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். இல்லை என்றால் இல்லாமலே போய்விடுமாம். அப்படி வளர்ந்தவள் மழைக்கு நேரே சுழி போடுவேனா? கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

"ஏழு வருசமா மாசாமாசம் அனுப்பறேன். காலியாக் கீதே, இன்னாம்மான்னு ஒருத்தராவது ஒரு போன் போட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் குனிந்து பேனா டப்பாவை எடுத்து வைத்தார். அவரைச் சொல்லி என்ன? பாவி, நானே என் ஊருக்குப் பொய் மழை பெய்ய வைத்திருக்கிறேன்.

அங்கேயே முப்பத்தொரு சுழி போட்டுக் கையெழுத்திட்டேன். அழுத்தின அழுத்தில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

"அடுத்த லிஸ்ட்டுல சேத்துடலாம் மேடம். இந்த லிஸ்ட்டுக்கு ஆர்டர் வந்துடுச்சு."

"அடுத்தது எப்ப?"

"சங்கராந்திக்கு அப்புறம்."

சாயங்காலம் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஜெயம்மா காத்திருந்தாள். காலி இடம் விட்டது நான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மாட்டுக்கு இன்னிக்கு இன்னா கீது?" என்று கேட்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நெறஞ்சிருக்குது, போ."

"இல்லன்னு சொல்லுடி!" பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாயத் தொறந்து இல்லன்னு சொல்லு! சொல்லாமத்தான் நாசமாப் போனோம்."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மழைமானியைத் திறந்தேன். காய்ந்த டப்பா. பதிவேட்டை விரித்து, தேதிக்கு நேரே சுழி போட்டேன். அப்போதுதான் ஜெயம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனாள். மாடு நின்று என்னைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.