மக்காச்சோளத்து யூரியா

கீழப்பழுவூரைத் தாண்டியதும் லாரி இருபதுக்கு மேல் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. என் மடியில் ஆறு வயது மகள் பூங்குழலிக்கு இழுப்பு. மருந்துப் பம்ப்பை வாயில் இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலாவுக்கு நடுவே குழி விழுந்தது.

திருமழபாடியில் என் தங்கை மகனுக்குக் காது குத்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். லாரிக்கு அன்று லோடு இல்லை, அதிலேயே போய் வந்துவிடலாம் என்றார் என் புருஷன் கலையரசன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தப் புது லாரிகளில் டீசல் டாங்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டாங்கு உண்டு. அதில் அதற்கென்றே விற்கும் யூரியாத் தண்ணீரை ஊற்றினால் புகையின் விஷம் முறியும். ஊற்றாவிட்டாலோ, கண்டதை ஊற்றினாலோ, லாரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஊர்க் காற்று கெடக் கூடாதென்று அரசாங்கம் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். எங்கள் தெருவில் நாள் முழுக்க லாரி ஓடுகிறது, பிள்ளைக்கு இழுப்பு வந்ததே அங்கேதான்.

கண்டதை ஊற்றியது யார்? என் புருஷனின் அண்ணன் செல்லமுத்து. லாரியில் அவருக்கும் பாதிப் பங்கு. மக்காச்சோளத்துக்கு வாங்கிய யூரியாவை வாளியில் கரைத்து, வேட்டியில் வடிகட்டி ஊற்றியிருக்கிறார். வயலுக்குப் போடுவதும் யூரியா, இதுவும் யூரியா, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று வியாக்கியானம் வேறு. லாரியில் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு எரிந்து நாலு நாளாகிறதாம். இந்த மனுஷன் அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் அந்த வாளியிலேயே முக்கியிருப்பேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வண்டி வேறு கேசுக்குப் போயிருக்கிறது, நீங்கள் அரியலூர்ப் பக்கம் வந்துகொண்டே இருங்கள் என்றார்கள். சைக்கிள்காரன்கூட எங்களை முந்திப் போனான். பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

பின்னால் ஒரு ஓட்டை லோடு வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. வேறு நாளாக இருந்தால் அந்த டிரைவர்மேல் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அன்று நடுரோட்டில் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டார். வண்டி பறந்தது. உள்ளேயும் புகை வந்தது. ஈரத் துண்டால் பிள்ளையின் முகத்தை மூடி, மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. இழுப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை. வெகுநேரம் கழித்து என் புருஷன் லாரியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடவே அண்ணனின் போனும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உடனே லாரிக்குத் தாவிவிட்டார் மூத்தவர்.

"பாடாலூர்ல ஒரு ஆளு இருக்கான்டா. அந்த யூரியா கனெக்‌ஷனையே வெட்டி வுட்டுடுவான். அப்புறம் வண்டி பறக்கும்."

"புகை வருமேண்ணே?"

"வந்தா என்னடா, வானத்துக்குத்தான போவுது?"

என் புருஷன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அந்த வாய்க்கு இன்னும் தைரியம் வரவில்லை. நான் போனைப் பிடுங்கினேன்.

"எங்க போவுதுன்னு நீங்களே கேளுங்க மாமா" என்று பூங்குழலியின் மாஸ்க்கோரம் வைத்தேன்.

கொர், கொர் என்று அவள் மூச்சு இழுத்தாள். அவராகக் கட் பண்ணும்வரை நான் போனை அங்கிருந்து எடுக்கவில்லை.