அம்மா மேட்டுப் புளியாரை

அன்னபுஷ்பத்துக்குப் புரியாதது இதுதான். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்து மேடு அப்பாவு என்பவருடையது. அவர் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அருகம்புல் மூடிக் கிடக்கும் அந்த மேட்டில் புளியாரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. வாரம் தவறாமல் அவள் களை பிடுங்கும் அம்மாவின் மேட்டிலோ பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது.

சீந்துவாரில்லாத செடி. காம்புக்கு மூன்று இலை, சுண்டுவிரல் நகத்தளவு மஞ்சள் பூ. அதுவும் வெயில் சாய்ந்தால் கடையைச் சாத்திவிடும் சோம்பேறிப் பூ. ஆடுகூட ஒரு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். இந்த அற்பத்திடம் தோற்பதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு புளித்தது.

அம்மா சாகும்போது, "என் மேல சிமெண்டு பூசிடாதீங்க, வாடாமல்லி வச்சா போதும்" என்று சொல்லியிருந்தாள். அந்த வாடாமல்லியைத்தான் புளியாரை அமுக்கியது. பிள்ளைப்பாக்கம் பக்கம் கம்பெனிக்குப் போகும் தம்பி அமலன் கெடு வைத்துவிட்டான். தொண்ணூற்றொன்றாம் வருஷத்துக் கல்லறைத் திருநாளன்று, சாமியார் மந்திரிக்க வரும்போது மேடு இப்படிக் கிடந்தால் சிமெண்டுதான்.

ஐப்பசி மழை விட்ட காலையில் அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அமலன் பெண்டாட்டி ஷாலின் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, மறுபடியும் மொளைச்சிக்கினு கீது? பேசாம பூசி மொசைக் போட்டுடலாம். டீசண்டா இருக்கும்."

"உங்கம்மாவுக்குப் போடு, போ."

"எங்கம்மா உசுரோட கீறாங்க!"

"அதான் சொல்றேன். சாவகாசமா போடலாம்."

"வாய் மட்டும் கொறைச்சலில்ல. ஒரு களைய ஒழிக்கத் தெரியல."

அன்னபுஷ்பம் ஒரு கொத்தைப் பிடுங்கி ஓங்கி உதறினாள். கல்லறை மண் வீடு வரக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பிடுங்கிய செடியின் வேர்மண்ணை மேட்டிலேயே உதறிவிட்டுத்தான் வெளியே எறிவார்கள். அன்றைக்குக் கோபத்தில் கை கூடுதலாக வீசிவிட்டது.

"ஐயோ, புதுப் பொடவைக்கா! மண்ண வாரி அடிக்கிறியே!" ஷாலின் தட்டிப் பார்த்தாள். போகவில்லை. "இது இன்னா, ஈரு மாரி ஒட்டிக்கினு?"

"பெரிய பட்டுப் பொடவை" என்று முனகியபடி எழுந்த அன்னபுஷ்பம் அந்தப் புடவையை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். மண் எங்கே அப்படி ஒட்டும்? அத்தனையும் பழுப்பு நிறத்துப் பொடி விதைகள். கையிலிருந்த கொத்தைப் புரட்டினாள். பொம்மைக்குச் செய்த வெண்டைப் பிஞ்சுபோல, ஐந்து பட்டையோடு காய்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்றை லேசாக அழுத்தினாள். சட்டென்று வெடித்து, விதை எட்டிப் போய் விழுந்தது. ஒவ்வொரு விதையையும் சுற்றி விறைப்பான ஈரத்தோல் ஒன்று இருக்கிறது. காய் முற்றியபின் தொட்டால் போதும், அது காலுறையைப் புரட்டினாற்போல் உள்வெளியாகத் திரும்பி விதையை விசிறிவிடும்.

உதறிய ஒவ்வொரு தடவையும் அவளே விதைத்திருக்கிறாள். அதுவும் வெளிச்சம் படும்படி சுத்தம் செய்த வெறும் மண்ணில். இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அப்பாவுவின் மேட்டில் உதற ஆளில்லை, புல் நிழலில் விழும் விதையும் முளைப்பதில்லை.

"களை எடுக்கிறேன்னு வெதை வெதைச்சிக்கினு இருந்தியா?" ஷாலின் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல வெவசாயம்க்கா!"

"சிரி, சிரி. அந்தப் பொடவைய மட்டும் இங்க உதறாத."

திருநாளன்று மேட்டில் வாடாமல்லி மட்டும் நின்றது. அமலன் சிமெண்டைப் பற்றிப் பேசவில்லை. அவள் செய்தது இவ்வளவுதான்: மண்ணை நனைத்து, காய்த்த செடிமேல் ஈரத்துணியைப் போர்த்தி, கணுவுக்குக் கணு இறங்கியிருந்த வேரோடு களைக்கொத்தால் நெம்பி எடுத்தாள். உதறவில்லை. மேட்டின் காலடியில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, வேர்மண்ணோடு அப்படியே உள்ளே போட்டு மூடினாள். மண்ணும் வெளியே போகவில்லை, விதைக்கு வெளிச்சமும் கிடைக்கவில்லை. வாடாமல்லிக்கு நடுவில் தெரிந்த வெறும் மண்ணை வேர்க்கடலைத் தோலால் கனமாக மூடினாள். அதற்கப்புறம் தலைகாட்டிய ஒன்றிரண்டைப் பூவிலேயே, காய் பிடிப்பதற்குமுன் எடுத்துவிட்டாள்.