லேபிள் கிழித்த பாட்டில்

"அந்தக் கருப்பு எண்ணெயில சோப்பு செஞ்சா எவன்டி தொடுவான்? பெச்சாவுல ஏறுறவங்கல்லாம் என் சட்டைய மோந்து பாத்துட்டு, 'அண்ணே, வாழைக்கா பொரிச்சீங்களா'ன்னு கேக்குறாங்க."

"அந்தச் சட்டைக் காலரு எதுல வெளுத்துச்சுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நோன்பு நேரத்துல என் வாயக் கிளறாத சுமார்னி."

"நோன்பு வயித்துக்கு மட்டும்தானா? வாய்க்கு லீவா? மொதல்ல கத்துனது யாரு?"

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடான் நகரத்தில் எங்கள் சந்தில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்கு வானொலி மாதிரி. வாகிடி மோட்டார் பெச்சா, அதாவது மூன்று சக்கர வாடகை வண்டி, ஓட்டுகிறார். அவர் மனைவி சுமார்னிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. ரமலான் வந்தால் எங்கள் தெருவில் மூலைக்கு மூலை பலகாரம் பொரிப்பார்கள். கறுத்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவார்கள். இவள் கேட்டு வாங்கி வந்து, கரித்துண்டு போட்டு ஊறவைத்து, கிழிந்த சட்டையில் வடிகட்டுவாள். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை அதில் சேர்த்துக் கிண்டி, காலிப் பால் பெட்டிகளில் ஊற்றிவிடுவாள். என் வீட்டுப் பாத்திரங்கள் வருஷக்கணக்காக அந்தச் சோப்பில்தான் பளபளக்கின்றன. இந்தப் பெருநாளுக்குச் சந்தில் எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு கட்டி கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். காய்ந்து இறுகச் சில வாரம் ஆகும் என்பதால் நோன்பின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

சண்டை ஓய்ந்தது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. பெச்சா உறுமிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து சுமார்னி என் பின்கதவில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"புஷ்பாக்கா, எங்க அடுப்பு மேடையில இருந்த பாட்டில் எதையாச்சும் எடுத்தீங்களா?"

"நான் ஏன் எடுக்கப் போறேன்? என்ன பாட்டில்?"

"சோடாத் தண்ணி."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவளே திக்கித் திக்கிச் சொன்னாள். காலையில் பிளாஸ்டிக் ஜக்கில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஆறவைத்திருக்கிறாள். நோன்பு திறக்க சர்பத் கலக்க அந்த ஜக்கையே கழுவி எடுக்க வேண்டியிருந்தது. இருப்பது ஒரே ஜக். ஆறின தண்ணீரைக் காலி பாட்டிலில் ஊற்றி, அடையாளத்துக்கு லேபிளைக் கிழித்துவிட்டு, மற்ற தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். நோன்பு நாளில் பகலில் யார் தண்ணீர் பாட்டிலைத் தொடப் போகிறார்கள்? வேறு எந்த மாதத்திலும் அவள் அப்படிச் செய்திருக்க மாட்டாள். இப்போது மேடையில் ஒரு பாட்டில்கூட இல்லை.

சட்டென்று எங்கள் இருவருக்கும் ஒன்றாகவே உறைத்தது. தெருமுனையில் நோன்பு திறக்கும் நேரத்தில் வண்டியில் போகிறவர்களுக்குத் தண்ணீரும் பலகாரமும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு ஏதாவது தர வேண்டும். வாகிடி கோபத்தில் மேடையிலிருந்த பாட்டில்களை அப்படியே வாரிக்கொண்டு போயிருக்கிறார்.

ஓடினோம். செருப்பு ஒன்று கழன்றது, சுமார்னி திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் ஈடா என்ற பெண் பெட்டியோடு நின்று, மெதுவாகப் போகும் வண்டிகளில் பாட்டில்களை நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க புஷ்பாக்கா! நோன்பு இல்லாதவங்கதான் பலகாரத்துக்கு மொத ஆளா வர்றீங்க!"

சுமார்னி பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். எல்லாவற்றிலும் லேபிள் இருந்தது. எல்லா மூடிகளும் முத்திரை உடையாமல் இருந்தன.

"லேபிள் இல்லாத பாட்டில் ஒண்ணு இருந்துச்சே?"

"ஆமா, யாரோ வீட்டுத் தண்ணிய ரொப்பிக் குடுத்துருக்காங்கன்னு நெனச்சேன். இப்பதான் போச்சு. ஸ்கூட்டர்ல புருஷன் பொண்டாட்டி. அந்தக்கா தலை நெறைய மல்லிப்பூ. 'எங்களுக்கு நோன்பு இல்லையே, வாங்கலாமா?'ன்னு கேட்டாங்க. தண்ணிக்கு என்ன நோன்புன்னு குடுத்தேன்."

மல்லிப்பூ வைத்திருந்தால் எங்கள் தமிழ் ஆட்களாகத்தான் இருக்கும். அவர்கள் நோன்பு திறக்கச் சொல்லும் பாங்கோசைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த சிக்னலிலேயே மூடியைத் திருகலாம்.

எதிரில்தான் தொழுகைக்கூடம். பாங்கு சொல்லும் மோதினார் ருஸ்லான் மைக் முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமார்னி வாசலில் நின்றே கத்தினாள்.

"பெரியவரே, பாங்க கொஞ்சம் நிறுத்தி வைங்க! அந்தப் பாட்டில் இப்ப யார் கையில இருக்கோ, பாங்கு கேட்டா குடிச்சிருவாங்க!"

விஷயத்தைக் கேட்டதும் அவர் மைக்கை எங்கள் பக்கம் திருப்பினார். "நான் நிறுத்துனா பெரிய பள்ளிவாசல் நிறுத்துமா? நேரம் என் கையில இல்லம்மா. மைக் இருக்கு. வா, பேசு."

அதற்குள், முனையில் பெச்சாவை நிறுத்தியிருந்த வாகிடி அவள் சொன்னதைக் கேட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். "மைக்ல வேணாம்டி. நாளைக்கு எவனும் நம்ம வீட்டுத் தண்ணியத் தொடமாட்டான். நான் வண்டிய எடுத்துட்டுத் தேடுறேன்."

"எந்தப் பக்கம் தேடுவீங்க?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிடியை விட்டார். சுமார்னி உள்ளே போய் மைக்கைப் பிடித்தாள்.

"முனையில வாங்குன தண்ணிய யாரும் குடிக்காதீங்க. லேபிள் இல்லாத பாட்டில்ல இருக்கறது சோப்பு செய்யிற சோடா. குடிச்சா தொண்டை வெந்துரும். நான்தான் வெச்சேன். நான் சுமார்னி, வாகிடி பொண்டாட்டி." மூச்சு வாங்கிக்கொண்டு, மைக்கை வயரோடு இழுத்து என் பக்கம் நீட்டினாள். "அக்கா, அந்தப் பொண்ணுக்கு உங்க பாஷையில சொல்லுங்க."

நான் அந்த வாசல்படியை மிதித்ததே இல்லை. ருஸ்லானைப் பார்த்தேன். தலையசைத்தார். "மல்லிப்பூ வச்ச தங்கச்சி, அந்தத் தண்ணிய வாயில வச்சிராதம்மா, கீழ போட்ரு" என்று தமிழில் சொன்னேன். தகரக் கூரைகளுக்கு மேலே என் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரிக் கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் பெரிய பள்ளிவாசலின் பாங்கு எழுந்துவிட்டது.

தெருவில் எல்லோரும் பேரீச்சம்பழத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அப்புறம் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஓட்டி வந்தவர்கள் பாட்டிலை நீட்ட, வாகிடி இரண்டு கையாலும் வாங்கி வாங்கி வரிசையாக வைத்தார். சுமார்னி நோன்பே திறக்காமல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் லேபிள் இருந்தது.

இது நடந்தது போன வியாழக்கிழமை. பக்கத்து மருத்துவமனைகளில் கேட்டுவிட்டோம், அப்படி யாரும் வரவில்லை என்கிறார்கள். வாகிடி தினமும் மாலையில் பெச்சாவை எடுத்துக்கொண்டு தமிழர்கள் இருக்கும் தெருக்களாகச் சுற்றுகிறார், தலையில் பூ வைத்த பெண் எதிரே வந்தால் நிறுத்திக் கேட்கிறார். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுமார்னி வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள்.

மேடானில் தமிழ் படிக்கிறவர்கள் கண்ணில் இது பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தங்கச்சி, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எங்கள் முனையில் பாட்டில் வாங்கியது நீதானா? அதைக் கொட்டிவிட்டாயா, இன்னும் வீட்டில் எங்காவது இருக்கிறதா? அவளைத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் சரி, இந்தப் பதிவுக்குக் கீழே ஒரு வரி பதில் எழுதுங்கள்.