பாதியில் நின்ற குரல்

பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நிலையத்தில் அக்காவுக்கு வேலை. தங்கச்சி துறைமுகத்தில், கடலுக்குப் போன படகுகளோடு சிற்றலை ரேடியோவில் பேசுபவள். அந்தப் படகுகளில் ஒன்றை ஓட்டுவது தங்கச்சியின் கணவன்.

அன்று உச்சிவெயில் நேரம். கணினித் திரையில் சீராக ஓடிய கோடு திடீரென்று கொக்கி போல வளைந்தது. கருவி இருக்கும் அறைப் பக்கம் இரும்பு வந்தாலே கோடு ஆடும். அக்கா ஜன்னல் வழியே பார்த்தாள். காவலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். வேலிக்கு வெளியேதான் வந்தேன் என்று அவர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே வந்தால் போன் அடித்தது.

"அக்கா, அவரு பேசிட்டே இருந்தாரு. எஞ்சின்ல புகை வருதுன்னாரு. அதோட குரலே இல்ல."

தங்கச்சி அழவில்லை. மீட்புப் படகை அனுப்பியாயிற்றாம். அக்கா திரையைப் பார்த்தாள். சைக்கிள் எப்போதோ போய்விட்டது; கொக்கி மட்டும் நிமிரவில்லை.

"மத்த படகுங்க பேசுதா?"

"ஒண்ணுகூடப் பேசல."

"அப்ப கோளாறு படகுல இல்லடி. மேல."

சூரியனில் ஏதோ வெடித்திருக்கிறது என்று அக்கா விளக்கினாள். அதிலிருந்து வரும் எக்ஸ்ரே கதிர்கள் பட்டதும், வானத்து உச்சியில் பகலெல்லாம் ஓடும் மின்னோட்டம் குபீரென்று பெருகும். அதைத்தான் இந்தக் கோடு காட்டுகிறது. அதே கதிர்கள் இன்னும் கீழே உள்ள காற்றடுக்கையும் மாற்றிவிடும். அது சிற்றலையை விழுங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளியும்.

"புகைன்னாரே, அக்கா?"

புகையைப் பற்றி அந்தக் கோடு எதுவும் காட்டாது. அக்கா போனை வைக்காமல் மேசைமேல் கிடத்தினாள். கோடு மெல்ல இறங்கத் தொடங்கியது. இருப்புக் கொள்ளாமல் அக்கா வாசலுக்குப் போய், கோட்டை வளைத்தது சூரியன்தான் என்று காவலாளியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லம்மா. சூரியன் வாங்க வேண்டிய திட்டு, நான் வாங்கிட்டேன்" என்றார் அவர்.

அவள் திரும்பியபோது போனில் கரகரப்புக் கேட்டது. தங்கச்சியின் ரேடியோதான். யாரோ, எங்கோ, வலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு இன்னொரு படகு. அதன்பிறகு தெளிவாக, எரிச்சலோடு, அந்தக் குரல்:

"பெல்ட்டு தேஞ்சு புகைஞ்சுது, மாத்திட்டேன். எவ்வளவு நேரமா கத்துறேன், கரையில எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கச்சி கணவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. முதலில் மீட்புப் படகைத் திரும்பிவரச் சொன்னாள், அலுவலகக் குரலில், பிசிறில்லாமல். பிறகு, "நீங்க கரைக்கு வாங்க, பேசிக்கிறேன்" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அக்கா தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.