மூன்று பேருக்குச் சமையல்

சிறைச் சாப்பாடு என்றாலே வெளியே இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை. விடிந்ததும் கஞ்சி, மதியம் சோறும் பருப்பும், பொழுது சாய்வதற்குள் ரொட்டியும் ஒரு கரண்டி குழம்பும். ஆகா ஓகோ என்று மெச்ச முடியாதுதான். ஆனால் சுடச்சுட வரும், வயிறு நிறையும். அதற்குக் காரணம் துடுப்பு என்கிற ஆசாமி. அண்டாவைக் கிளறும் மரத் துடுப்பை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டான். அதனால் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே லாரி ஓட்டி மாட்டிக்கொண்டவன் அவன். வீட்டில் இருந்தவரை வெந்நீர்கூட வைத்ததில்லை. இங்கே வந்து முந்நூறு வயிற்றுக்குப் பொறுப்பாளி ஆகிவிட்டான்.

அந்தச் சமையலறையில் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. கரண்டி பிடிப்பவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். முதலில் சாப்பிட விட்டால் அடியில் கிடக்கும் கிழங்கெல்லாம் அவன் தட்டுக்குப் போய்விடும் அல்லவா? துடுப்பு அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. மீறினால் கரண்டி கைமாறிவிடும்.

விடுதலை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. மனைவி தன் அம்மா வீட்டோடு இருந்தாள். போன முறை அவள் பார்க்க வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபோது, "வீட்டுக்கு வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "குடும்ப நாளுக்கு வரேன். உங்க கையால சாப்பிடறேன். அப்பறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குடும்ப நாள் என்றால் கைதிகள் அவரவர் வீட்டாருக்கு அவரவரே சமைக்கும் நாள். முற்றத்தில் வரிசையாகச் சின்ன அடுப்புகள். ஆளுக்குக் கொஞ்சம் உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு. ரொட்டி பொதுவில் வரும். மற்றவர்கள் கிழங்கை நறுக்கவே திணறிக்கொண்டிருந்தபோது துடுப்பு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அவனுக்கு இது ஜுஜுபி வேலை. மனைவி, மாமியார், அவன் என்று மொத்தம் மூன்றே பேர்.

சிக்கலே அந்த மூன்றில்தான் இருந்தது. அண்டாவுக்கு இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் போட்டுப் பழகியவன் அவன். மூன்று பேருக்கு எவ்வளவு என்று அவன் கைக்குத் தெரியவில்லை. மிகவும் சிக்கனமாகப் போடுவதாக நினைத்து ஒரு பிடி போட்டான். கொதித்ததும் ஒரு சொட்டு எடுத்து நக்கினான். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

அடுத்த அடுப்பில் வக்கீல் நின்றிருந்தார். சட்டம் படித்தவரில்லை, எல்லார் வழக்கையும் வாதாடுவதால் வந்த பட்டம்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"உப்பு தூக்கிடுச்சு அண்ணே."

"அண்டாவுல தூக்கிட்டா என்ன செய்வே?"

"கிழங்கும் தண்ணியும் சேர்ப்பேன். என் பங்குதான் தீந்துபோச்சே."

"அழாதே. இந்தா, என்னுதைப் போடு. எனக்கும் இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல."

போட்டான். உப்பு அசையவில்லை. அடுத்த அடுப்புக்காரன் கொடுத்தான். அவனுக்கு அடுத்தவனும் கொடுத்தான். சட்டி நிரம்பிப் பெரிய சட்டிக்கு மாறியது, அதுவும் நிரம்பியது. கடைசியில் வார்டரே தலையில் அடித்துக்கொண்டு, "சின்ன அண்டாவை எடுத்துக்கய்யா" என்று சமையலறைச் சாவியை நீட்டினார். உப்பு ஒருவழியாக அடங்கியது. ஆனால் அந்த முற்றத்தில் இருந்த எல்லார் வீட்டுச் சாப்பாடும் இப்போது அவன் தலையில்.

வாசல் திறந்தது. குடும்பங்கள் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தன. கடைசி பெஞ்சில் மனைவியும் மாமியாரும். அண்டாவின் முன்னால் வரிசை நீண்டுவிட்டது.

"உன் வீட்டுக்காரிக்கு முதல்ல ஊத்திடுப்பா. நாங்க கண்ணை மூடிக்கறோம்" என்றார் வக்கீல்.

துடுப்பின் கை அந்தப் பக்கம் போகத் துடித்தது. ஆனால் இது அவர்கள் கொடுத்த கிழங்கு. "கரண்டிக்காரன் வீடு கடைசிலதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஊற்ற ஆரம்பித்தான்.

"நம்மளை வரச்சொல்லிட்டு ஊருக்கெல்லாம் ஊத்தறாரு பாரு உன் புருஷன்" என்று மாமியார் முணுமுணுத்தது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அண்டாவின் அடியைச் சுரண்டினால் இரண்டு தட்டுக்குத்தான் தேறியது. அதை வழித்து ஊற்றும்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் வீட்டில் அவன் முதலில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனானே, சட்டியில் அவளுக்கு ஏதாவது மிச்சம் இருந்ததா என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்திருக்கிறானா? வெட்கமாக இருந்தது. தட்டுகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றான்.

"உங்களுது?" என்று கேட்டாள் மனைவி.

"நான் அப்பவே சாப்பிட்டேன்."

"பொய் சொல்ல இன்னும் கத்துக்கல நீங்க. உக்காருங்க." பக்கத்தில் கிடந்த காலித் தட்டை இழுத்துத் தன்னுடையதில் பாதியை அதில் சரித்தாள்.

மாமியார் ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டு, யோசித்து யோசித்து மென்றார். "கொஞ்சம் உப்புக் கம்மி, மாப்பிள்ளை."

அந்த வாயிலிருந்து மாப்பிள்ளை என்ற சொல் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. துடுப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிர்ப் பெஞ்சில் வக்கீலுக்குப் புரையேறியது.

மணி அடித்தது. உள்ளே அந்த மணிக்கு ஒரே அர்த்தம்தான்: வாயில் இருப்பதோடு சரி, தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். துடுப்பு பாதி ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு விறைப்பாக எழுந்தான்.

மனைவி அவன் சட்டை நுனியைப் பிடித்தாள். "எங்க ஓடறீங்க? தட்டுல அவ்வளவும் அப்படியே இருக்கு."

"மணி அடிச்சிருச்சே."

"அடிக்கட்டும். உக்காந்து மெதுவா சாப்பிட்டுப் பழகுங்க. நம்ம வீட்டுல மணியெல்லாம் கிடையாது."

வார்டர் இதைப் பார்த்துவிட்டு, சுவரில் என்னமோ இருப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம வீட்டுலயா?" என்று கேட்டான் துடுப்பு.

"பின்ன யார் வீட்டுல?" என்றாள் அவள், ரொட்டியை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே.