முழுதாக ஒரு நிமிடம்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் மூன்று மணிச் சுற்றுக்குக் கிளம்பிய நர்ஸ் மார்லிஸ், பட்டியலில் பன்னிரண்டாம் அறைக்கு நேரே இருந்த பெயரைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆர்விட் ஹாகன். இடுப்பெலும்பு அறுவை முடிந்து இரண்டாம் நாள். பதினான்கு வருடங்களுக்கு முன் அவள் விவாகரத்து செய்த கணவன்.

"டெனிஸ், இந்த ஒருத்தர மட்டும் நீ பாத்துக்கோயேன்," என்று தலைமை நர்ஸிடம் கேட்டாள்.

"பனில ரெண்டு பேரு வந்தே சேரலடி. என் தலைலயே எட்டு பேஷண்ட். கடிச்சுத் தின்னுடவா போறான்? போய்ட்டு வா."

ஆர்விட் பெரிய ஏரிக்கரையிலுள்ள துலூத் துறைமுகத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பலில் வேலை பார்த்தவன். ஏரி உறைந்து கப்பல் ஓடாத மாதங்களில்தான் வீட்டில் இருப்பான். அவளுக்குக் காத்திருப்பதுதான் அலுத்துப்போனது. அதை அவனிடம் சரியாகச் சொல்ல அப்போது தெரியவில்லை.

"மிஸ்டர் ஹாகன், கைய நீட்டுங்க."

"அட, மிஸ்டர் ஆயிட்டேனா? நல்ல முன்னேற்றந்தான்."

"வாய மூடு. பிரஷர் பாக்குறப்ப பேசக் கூடாது."

"இப்பத்தான் மார்லிஸ் மாதிரி இருக்கு," என்றவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அழுத்தம் சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. நாடி மட்டும் நூற்று நான்கு என்றது இயந்திரம், கொஞ்சம் அதிகம். அவளுக்குத் திருப்தியில்லை. மணிக்கட்டில் விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணினாள். அதே நூற்று நான்கு.

கையை விடவில்லை. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோலவே கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்க வேண்டும். முப்பது வருடமாகச் செய்வதுதான். இன்று அந்தக் கையைப் பிடித்திருக்க இன்னொரு நிமிடம் கிடைத்ததே என்று மனசு மகிழ்ந்தது. வெட்கமாகவும் இருந்தது. கை பழைய அதே சூட்டோடு இருந்தது.

நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு.

காலைச் சீட்டில் பதினாறு. நேற்றும் பதினாறு. யாரோ பார்க்காமலே எழுதிய பதினாறு.

"ஆர்விட், மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம். படுத்தே கெடக்கேன்ல."

"நெஞ்சு வலிக்குதா?"

"நீ உள்ள வந்ததுலேர்ந்து," என்று சிரிக்கப் போனவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

அவள் அவசர மணியை அழுத்தினாள். டாக்டர் ஓடி வந்தார். ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டி தெரிந்தது. தீவிர சிகிச்சைக்குக் கட்டிலை உருட்டிப் போகையில் அவன் அவள் சட்டைக் கையைப் பிடித்தான்.

"கெயிலுக்குச் சொல்லிரு. அவ பயந்துருவா. பதமாச் சொல்லு."

கெயில் இப்போது அவனோடு இருப்பவள்.

"சொல்றேன்," என்றாள். பதமாகத்தான் சொன்னாள்.

வேலை முடிந்து அங்கே போனபோது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கெயில், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல், அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் உள்ளே போகவில்லை.

ஒன்பதாம் நாள் அவன் பிழைத்து வீட்டுக்குப் போனான். அன்று அவளுக்கு விடுமுறை. மறுநாள் நர்ஸ்கள் மேசையில் ஒரு பெட்டி டோனட்டும் ஓர் அட்டையும் இருந்தன. "மூணாம் மாடி எல்லாருக்கும் நன்றி. கெயில், ஆர்விட்." எழுத்து அவனுடையது.

"உசுரக் காப்பாத்துனவ பேரத் தனியா ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்று டெனிஸ் பொரிந்தாள்.

"எல்லாருக்கும்னு இருக்குல்ல. விடு."

டெனிஸ் நகர்ந்த பிறகு அட்டையை மறுபடி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு டோனட்டை எடுத்து, நின்றபடியே மெல்லத் தின்று முடித்தாள்.