பச்சைக்கல்

என் மனைவி யோகேஸ்வரியைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். தோட்டத்து ஆட்கள் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு மரகதக் கங்காணி வீடு என்று பெயர். கங்காணியாக இருந்த என் பாட்டனாருக்கு வெள்ளைக்காரத் துரை கொடுத்த மரகத மோதிரத்தால் வந்த பெயர் அது. அதற்கு இழுக்கு வர நான் விட்டதில்லை. மோதிரம் மூத்த மருமகளின் விரலில் இருக்கும். அவள் போனால், உடலை எடுப்பதற்கு முன் எல்லார் முன்னிலையிலும் அடுத்த மருமகளுக்குப் போடுவது வழக்கம்.

யோகேஸ்வரியின் விரல் வீங்கியிருந்தது. மகள் புனிதா சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தாள். மோதிரம் வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கல்லின் ஓர் ஓரம் சீவியதுபோல் பிளந்துவிட்டது.

புனிதாவின் கணவர் கிரகரி தானா ராத்தா டவுனில் கல் நகைக் கடை வைத்திருக்கிறார். அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, இதை ஒட்டிடலாமா?"

"மாமா, இது மரகதம் இல்ல. அமேசானைட்டு. உள்ள வெள்ளைக் கீத்து ஓடுது பாருங்க. அடிபட்டா இப்படித்தான் தட்டையா பிளக்கும்."

"அது என்ன பேரு?"

"தென்னமெரிக்காவுல ஒரு ஆத்துப் பேரு மாமா. ஆனா அந்த ஆத்துல இந்தக் கல்லு கிடைச்சதே இல்லைங்கிறாங்க. தப்பா வெச்ச பேரு, அப்படியே நின்னுடுச்சு."

"உங்க அத்தை இதைக் கேக்காமப் போனதே நல்லது."

கிரகரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தைக்குத் தெரியும் மாமா. போன தீபாவளிக்கு முன்ன கடைக்குக் கொண்டாந்தாங்க. நான்தான் சொன்னேன். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க. 'தப்பான பேரா இருந்தா என்ன, உங்க மாமா அந்தப் பேருலதான் நிமிர்ந்து நடக்கிறாரு'ன்னாங்க."

அந்தத் தீபாவளியிலிருந்துதான் அவள் அதைப் பச்சைக்கல் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். "என்னங்க, என் பச்சைக்கல்லைப் பாத்தீங்களா?" என்பாள். "மரகதம்னு சொல்லுடி" என்று ஒவ்வொரு முறையும் அதட்டினேன். சிரிப்பாளே தவிர, ஒருமுறைகூடத் திருத்திச் சொன்னதில்லை. பொய் சொல்லவும் அவளுக்கு மனமில்லை, என்னைக் குனிய வைக்கவும் மனமில்லை.

கூடத்துக்கு வந்தேன். மருமகள் விக்னேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். நான் அவளைத் தாண்டிப் போய், யோகேஸ்வரியின் சுண்டு விரலில் மோதிரத்தை மாட்டினேன்.

என் அக்கா காளியம்மா பதறிவிட்டார்.

"டேய் தம்பி, மரகதத்தையா மண்ணுல போடுற? பைத்தியமா லா உனக்கு?"

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மரகதம்னு யாரு சொன்னா?" என்றேன். "அது பச்சைக்கல்லு, அக்கா."

நிமிர்ந்துதான் நின்றேன். அவளுடைய சொல்லை நான் சொன்னபோது, கேட்க அவள்தான் இல்லை.